எழிலரசி வீட்டுச் சுவரில் ஒரு விரிசல்

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன். எங்கள் வாசல் தெருவைவிடப் பள்ளம் என்பதால், தெளிக்கிற தண்ணீர் தெருப்பக்கம் ஓடாது. என் கால்பக்கமே திரும்பி வரும். அதைத் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். என் கணவருக்குக் காபியில் சர்க்கரை அரை ஸ்பூன், எனக்கு இல்லை. இட்லி ஊற்றி, வேர்க்கடலை வறுத்து மல்லாட்டைச் சட்னி அரைத்து மூடி வைத்துவிட்டு, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமையில் நான் தனியாக வெளியூர் போவதில்லை. அன்று "நானும் வரட்டுமா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கேட்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் கொஞ்சம் நின்று, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் மேம்பாலத்துக்கு அடியில் இறங்கினேன். ஷேர் ஆட்டோவில் போய் ஒரு வீட்டின் முன் நின்றேன். ஒரு தளம் போட்ட சாதாரண வீடு. படிகள் புதியவை, வீடு பழையது. சுவரின் அடிப்பகுதியில் சுற்றிலும் புதுச் செங்கல் வரிசை. அதற்கு மேலே வெயிலில் வெளுத்த பழைய மஞ்சள். வளர்கிற பெண்ணின் பாவாடைக்குக் கீழே வேறு துணி வைத்துத் தைத்து நீளமாக்கியது போல இருந்தது.

அது எழிலரசியின் வீடு. என் கணவர் ராஜாராமுக்கு முதலில் பேசி, ஜாதகம் சேரவில்லை என்று விட்டுப்போன பெண் எழிலரசி. நான் அங்கே போனது அந்த வீட்டுச் சுவரில் விரிசல் தேடி.

ரோடு ஏறிய கதை

எங்கள் தெரு ரோடு பற்றிச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் விழுப்புரத்தில் வீடு கட்டியபோது வீடு ரோட்டைவிட உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறியது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பு இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம்.

போன வருஷ மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் குளியலறைக் குழி வழியாக வந்தது, பிறகு வாசல் வழியாக. கட்டில் மேல் பீரோத் துணிகளை அடுக்கி, அதன்மேல் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஃபிரிட்ஜ் மெதுவாக மிதந்து சமையலறைக் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகும் ஊறிய அரிசியின் புளித்த வாடை தை மாதம் வரை போகவில்லை.

இன்னொரு மழைக்கு இந்த வீட்டில் இருக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஐப்பசிக்குள் ஏதாவது செய்ய வேண்டும். இல்லையென்றால் வந்த விலைக்கு விற்றுவிட்டு வாடகைக்குப் போக வேண்டும். அவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். இரண்டு பேர் சம்பளத்தில், இருபது வருஷக் கடனில் கட்டிய வீடு. விற்கிற பேச்சை அவர் எடுத்தாலே நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

எனக்கென்று ஒரு யோசனை இருந்தது. வாசலில் இடுப்பளவு தடுப்புச் சுவர், பின்பக்கம் ஒரு குழி, குழியில் மோட்டார். கட்டம் போட்ட தாளில் அளவோடு வரைந்து வைத்திருந்தேன். அவரிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார். படத்தை நிறுத்த மாட்டார். கடைசியில் "பாக்கலாம்" என்பார்.

கல்யாணப் பந்தியில்

இந்த வருஷம் ஒரு வைகாசிக் கல்யாணத்தில் எழிலரசி எங்களுக்கு எதிர் வரிசையில் சாப்பிட உட்கார்ந்தார். கல்லூரியில் என் கணவரோடு படித்தவர் என்பதால் எங்காவது இப்படிப் பார்ப்பது உண்டு. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. தலைக்குச் சாயம் பூசுவதில்லை. நரை அவருக்கு அழகாகவே இருக்கிறது. இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

என் கணவர் வெள்ளக் கதையைச் சொன்னார். எழிலரசி ரசத்தைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"தூக்கிடுங்களேன். நாங்க தூக்கினோம்."

"எதை?"

"வீட்டைத்தான். அடியில ஜாக்கி வெச்சு தூக்கிடறாங்க. மூணு அடி ஏறிடுச்சு எங்க வீடு."

என் கணவர் கையில் ஓர் அப்பளம் இருந்தது. அவருக்கு அப்பளம் என்றால் உயிர். அந்த அப்பளத்தை உடைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஜாக்கி எத்தனை, சுவர் தாங்குமா, எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாயசம் வந்தது, போனது. பக்கத்து இலைகளை எடுத்துவிட்டார்கள். அப்பளம் நமுத்து வளைந்தது.

என் தடுப்புச் சுவருக்காக ஒரு நாள்கூட அவர் அப்பளத்தை நமுக்கவிட்டதில்லை.

திரும்பி வரும் வழியில் பைக்கில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன், "வீட்டைத் தூக்கறதெல்லாம் வேணாம். விரிசல் விட்டுடும்."

"பாத்துட்டு சொல்லலாமே."

"எனக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியாது. அதுவரை நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

வேறு வாய் தேடியது

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. செல்போனில் வீடு தூக்குகிற வீடியோக்களை, அவர் தூங்கிய பிறகு, ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஒருவர் விசில் ஊதுகிறார். அடியில் குந்தியிருக்கிற எல்லாரும் ஜாக்கியின் கைப்பிடியை ஒரே சமயத்தில் கால் சுற்று திருப்புகிறார்கள். வீடு நகர்வதே தெரியவில்லை, ஆனால் ஏறுகிறது. நல்ல யோசனை. என் சுவரையும் மோட்டாரையும்விட நல்ல யோசனை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதை நான் வரைந்த தாளில் எங்கும் குறிக்கவில்லை.

ஆகவே, அதை வேறு யாராவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். உலகத்தில் வேறு எந்த வாயிலிருந்து வந்தாலும் சரி.

கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டி, "ரோடு மேல இருக்குது, வீடு கீழ இருக்குது, என்ன பண்ணலாம்?" என்று எடுத்துக் கொடுத்தேன். இடித்துவிட்டுக் கட்டலாம் என்றார். "ஏங்க, இடிக்காம மேல கொண்டுபோற மாதிரி எதுனா இருக்குதா?" என்றுகூடக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மேலே மாடி எடுக்கலாம் என்றார்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது பர்வீன். என்னோடு லேபில் வேலை செய்கிறவள், கோட்டக்குப்பத்துப் பெண். மதியச் சாப்பாட்டு வேளையில் புலம்பினேன்.

"இன்னாக்கா இதுக்குப் போய் பேஜாராகற. எங்க சித்தப்பா வீட்டுக்கு ஜாக்கி போட்டுத் தூக்கினாங்களே. ஜல்தியா முடிச்சிட்டாங்க."

டிபன் பாக்ஸை மூடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலை செருப்பைக் கழற்றியதும் அவரிடம் சொன்னேன், "ஏங்க, பர்வீன் ஒரு யோசனை சொன்னா. நல்லா இருக்குது. வீட்டை ஜாக்கி வெச்சு தூக்கலாமாம்."

அவர் செய்தித்தாளை இறக்கினார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அது எழில் அப்பவே சொன்னதுதானே சித்ரா."

எழில். முழுப் பெயர்கூட இல்லை.

லேபில் ஒட்டுகிற எண்

அன்று இரவுச் சாப்பாட்டில் கொஞ்சம் பேச்சு வளர்ந்தது. நான் வேண்டாம் என்றேன். பர்வீன் சொன்னபோது சரி, எழிலரசி சொன்னால் வேண்டாமா என்று கேட்டார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

"யோசனைய பாரு. யார் சொன்னாங்கன்னு எதுக்குப் பாக்கற?" என்றார். "உங்க லேபுல ரத்தம் யாருதுன்னு பாத்துக்கினா டெஸ்ட் பண்ற?"

ஆசிரியர் அல்லவா, சரியான இடத்தில் அடித்தார். அந்தக் கேள்வியை நான் பல நாள் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் லேபில் ரத்தக் குழாயில் எண் மட்டும் ஒட்டுவோம். பெயர் முன் அறையில் இருக்கும்; எண்தான் உள்ளே வரும். நாங்கள் உயர்ந்த மனிதர்கள் என்பதால் அப்படி ஒரு முறை ஏற்படவில்லை. தெரிந்தவர் ரத்தம் என்றால் கண் தானாக நல்ல பக்கம் சாயும், ஆகாதவர் என்றால் கெட்ட பக்கம் சாயும் என்பதால் ஏற்பட்டது. என் சர்க்கரையைப் பர்வீன்தான் பார்ப்பாள், அவளுடையதை நான். ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் இருப்பதால் லேபில் நான் நேர்மையாக இருக்கிறேன். கல்யாணப் பந்தியில் ஒட்ட ஸ்டிக்கர் ஏது?

இன்னொன்றும் தோன்றியது. சொல்கிற ஆளைப் பார்ப்பது எப்போதும் தப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மாடி வீட்டுக்காரர் வெள்ளத்துக்குச் சொல்கிற யோசனையை நான் பாதிக் காதால்தான் கேட்பேன். படுத்த கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஓடியவர் சொன்னால் முழுக் காதால் கேட்பேன். அந்தக் கணக்கில் எழிலரசி சொன்னதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆளைப் பார்த்தாலும் அவர் பக்கம்தான் நியாயம், யோசனையைப் பார்த்தாலும் அவர் பக்கம்தான் நியாயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் பொருத்தம் ஜாதகத்தில் இருந்தது. அவர்களுக்கு ஜாதகம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தியிருக்கும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கு ஒரு நினைப்பு. இத்தனை வருஷத்தில் என் கணவர் அதற்குச் சாட்சியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஒரு காரியம் செய்ததில்லை. சாட்சியில்லாத நினைப்பை எதைக் கொண்டு போக்குவது?

ஆவணி பிறந்தது. ஐப்பசிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. தூக்குகிற ஆட்களுக்கு மழைக்கு முன்தான் வேலை குவியும், இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று அவர் நினைவூட்டினார். "நான் போய் என் கண்ணால அந்த வீட்டைப் பாத்துட்டு சொல்றேன்" என்றேன். ஒரு விரிசல் கண்ணில் பட்டால் போதும் என்று இருந்தேன்.

காலண்டருக்குப் பின்னால்

"வாங்க சித்ரா. வெய்யில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க," என்றார் எழிலரசி. அவருடைய கணவர் ஊரில் இல்லை. வல்லம் பக்கம் நிலத்தைப் பார்க்கப் போயிருந்தார். எழிலரசி பூரிக்கு மாவு பிசைந்த கையோடு வந்துதான் கதவைத் திறந்திருந்தார். முழங்கை வரை மாவு.

வீடு முழுவதும் காட்டினார். நான் மூலைகளைப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தின் ஓரம், பீம் சேருகிற இடம், சமையலறை மேடைக்கு அடி. கொத்தனார்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். எங்கும் ஒன்றும் இல்லை.

"தூக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். அடுப்பில காபி போட்டுக்கினு இருந்தேன், வீடு பாட்டுக்கு ஏறிக்கினு இருந்துது. பால் ஒரு சொட்டு சிந்தல."

என் கணவர் இதைக் கேட்டால் எவ்வளவு ரசிப்பார் என்று உடனே தோன்றியது. அவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்றும் தோன்றியது.

கூடத்தில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. மின்விசிறிக் காற்றில் அது விலகிய சமயம், பின்னால் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. நான் எழுந்துபோய்க் காலண்டரை ஒதுக்கினேன். ஒரு முழ நீள விரிசல். தலைமுடி போல மெல்லியது என்றாலும் விரிசல்தான். அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து எழுதினால் இந்தத் தொடரை நான் எழுதுவதில் பொருள் இல்லை. பரீட்சையில் முதல் வந்த பெண்ணின் விடைத்தாளில் தப்பைக் கண்டுபிடித்தது போல இருந்தது.

"விரிசல் இருக்குதே," என்றேன்.

"அது பழசு. கிட்ட பாருங்க."

விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தது. இரண்டு முனையிலும் சிமெண்ட் பூச்சு.

"தூக்கறதுக்கு முன்னாடி அவங்களே ஒட்டினாங்க. சுவர் ஒரு இம்மி அசைஞ்சாலும் கண்ணாடி உடைஞ்சிடும்னு சொன்னாங்க. முழுசா தூக்கி இறக்கி பூசியாச்சு, அது அப்படியே இருக்குது. எடுக்க மனசு வரல, விட்டுட்டேன்."

விரலால் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக, குளிர்ச்சியாக, கீறல் இல்லாமல் இருந்தது. காலண்டரைப் பழையபடி விட்டேன்.

பூரியும் கிழங்கும் வைத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து, "நான் சொன்னேன்றதுக்காக வேணாம்னு இருந்துடாதீங்க சித்ரா," என்றார்.

"அய்ய, அப்படியெல்லாம் இல்லீங்க."

"எங்க வீட்டுலயே அப்படித்தான் ஆச்சு. முதல்ல நான்தான் சொன்னேன், தூக்கிடலாம்னு. எங்க வீட்டுக்காரர் கேக்கவே இல்ல. உனக்கு இன்னா தெரியும்னுட்டார். ரெண்டு மழை உள்ள வந்துது. அப்புறம் அவர் ஃபிரெண்டு ஒருத்தர் டீக்கடையில அதையே சொன்னார். மறுநாளே ஆள் வந்துட்டாங்க. இன்னிக்கும் யார் கேட்டாலும் ஃபிரெண்டு ஐடியான்னுதான் சொல்றார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பூரியைப் பிய்த்த கை மட்டும் கொஞ்ச நேரம் வாய்க்குப் போகவில்லை.

எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு, பாவத்துக்கு அடியில், பழைய எரிச்சல் இன்னொரு மடங்கு ஏறியது. அவர் வீட்டில் எடுபடாத அவர் சொல், என் வீட்டில் ஒரே பந்தியில் எடுபட்டிருக்கிறது. அவர் கணவர் கொடுக்காத காதை என் கணவர் கொடுத்திருக்கிறார். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் மூன்றாவது பூரியைச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நான் வேண்டாம் என்று சொன்னால், எழிலரசி சொன்னதைக் கேட்காத ஆட்கள் இரண்டு பேர் ஆவோம்: அவர் கணவர் ஒருவர், நான் ஒருத்தி. அந்த மனிதரோடு ஒரே வரிசையில் உட்கார எனக்கு விருப்பமில்லை.

மாலையும் மறுநாளும்

வீடு திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். அவர் துவைத்த துணிகளை மடித்து வைத்திருந்தார். தப்பாகத்தான், ஆனாலும் மடித்திருந்தார்.

"எப்படி இருக்குது?"

"எது?"

"வீடுதான், வேற எது?"

"நல்லா இருக்குது."

"விரிசல்?"

"ஒண்ணு இருக்குது. பழசு."

அவர் தலையாட்டினார். ஒரு துண்டை எடுத்து மறுபடி மடித்தார். பிறகு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார், "என்னை எதுனா விசாரிச்சாங்களா?"

அந்த வீட்டில் நான் இருந்த நேரம் முழுவதும் அதற்காகத்தான் காத்திருந்தேன். எழிலரசி கேட்கவில்லை. நான் செருப்பு மாட்டும்போதுகூடக் கேட்கவில்லை.

"இல்லீங்க," என்றேன். அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த கலப்பில்லாத சந்தோஷம் அது ஒன்றுதான். இரவு ரசம் நன்றாக வந்தது.

செப்டம்பர் 1, திங்கட்கிழமை. காலையில் எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்பே, எழிலரசி கொடுத்த எண்ணுக்கு போன் செய்தேன். தூக்குகிற வேலைக்காரர்கள் விடியும்போதே எழுந்துவிடுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"அல்லோ, சொல்லுங்க."

"விழுப்புரத்திலேர்ந்து பேசறேங்க. வீடு தூக்கணும்."

"தூக்கிடலாம்மா. யாரு சொல்லி கூப்பிடறீங்க?"

"திண்டிவனத்துல ஒரு வீடு பாத்தேன்."

"அங்க நாலஞ்சு வீடு தூக்கிக்கிறோம்மா. எந்த வீடு?"

"பாலத்துக்கு அந்தாண்ட. ஒரு தளம் போட்டது."

"எல்லாமே ஒரு தளந்தாம்மா. ஆள் பேரைச் சொல்லுங்க. அந்த வீடு மாதிரியா, எப்படின்னு எனக்கு அப்பதான் கணக்கு வரும்."

என் கணவர் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு கூடத்துக்கு வந்து நின்றிருந்தார். வாயில் நுரை. பிரஷ் அசையவில்லை.

"எழிலரசி வீடு," என்றேன்.

"அட, அந்தம்மாவா. நல்ல விவரமானவங்கம்மா. அவங்கதான் உங்களுக்கு ஐடியா குடுத்தாங்களா?"

"ஆமாங்க. அவங்க ஐடியாதான்." கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "புதன்கிழமை காலையில வந்து பாருங்க, நான் வீட்டுல இருப்பேன். எதுவா இருந்தாலும் என்கிட்டயே பேசுங்க."